திருச்சியிலிருந்து மதுரைக்கு: மைல் கல்லையும் சாலைப் பலகையையும் படித்தபடி ஒரு பயணம்

திருச்சியிலிருந்து மதுரைக்கு இப்போதெல்லாம் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நான்கு வழிச் சாலை, இரண்டு சுங்கச்சாவடி, நடுவில் ஒரு காபி. போய்ச் சேர்ந்ததும் வழியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் விராலிமலைக் கோபுரத்தைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவுக்கு வராது. பல வருடம் அப்படித்தான் போய் வந்தேன்.

என் மாமா ஒருவர் இந்தத் தடத்தில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாணத்துக்காக அவரை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். கொட்டாம்பட்டி நெருங்கும்போது, "மாப்ள, துவரங்குறிச்சி எப்பப்பா வரும்?" என்றார். அது போய்ப் பத்து நிமிஷம் ஆகிவிட்டது மாமா என்றேன். முப்பது வருடம் அந்த ஊர் பேருந்து நிலையத்தில் டீ குடித்த மனிதர். ஊர் போனதே அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை, புறவழிச்சாலையில் ஏறி இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் இதே தடத்தில் மெதுவாக, நின்று நின்று, கல்லையும் பலகையையும் பழைய சாலையையும் பார்த்துக்கொண்டு நான்கைந்து தடவை போய்விட்டேன். புதிதாக இப்படிப் போக நினைப்பவர்களுக்காக, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

எந்த வழி, எத்தனை நாள்

போகும்போது விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் வழி. திரும்பும்போது மதுரையிலிருந்து நத்தம் வழியாக மீண்டும் துவரங்குறிச்சி, அங்கிருந்து திருச்சி. ஊர்களுக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் முடித்து என்ன பயன்? இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், இரவு மதுரையில் தங்குங்கள்.

இந்தச் சுற்றைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலை, புதிதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆன சாலை, கைவிடப்பட்ட பழைய சாலை, கிராமச் சாலை என எல்லா வகையும் இதில் வந்துவிடும். திருச்சியில் கிளம்பி, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்து, மறுபடி திருச்சி மாவட்டம் வந்து, மதுரை மாவட்டத்துக்குப் போகிறோம். திரும்பும்போது திண்டுக்கல் மாவட்டம். "தங்களை அன்புடன் வரவேற்கிறது" பலகையும் "நன்றி, மீண்டும் வருக" பலகையும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

மார்கழி, தை மாதங்கள் தோதானவை. கத்திரி வெயிலில் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து எழுத்துப் படிக்கிற வேலை வேண்டாம். சித்திரைத் திருவிழா சமயத்திலும் வேண்டாம். அழகர் மலையை விட்டுக் கிளம்பி மதுரை வரும் நாட்களில் அந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் அவருடையது, நம் காருக்கு அங்கே இடம் இல்லை.

கிளம்புவதற்கு முன்

இரண்டு பேராவது போங்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் பார்த்து எழுத வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது என்பதை நான் எத்தனை அழுத்தமாகச் சொன்னாலும் தகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஆள் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் அடுத்த கல்லைப் பார்க்க இருக்க மாட்டார்.

ஒரு கோடு போட்ட நோட்டு, இரண்டு பென்சில் (பேனா மை வியர்வையில் ஊறிவிடும்), ஒரு பழைய துணி, ஒரு பாட்டில் தண்ணீர். துணியும் தண்ணீரும் கல்லைத் துடைக்க. பாதிக் கற்களில் மூலம், பவுத்திரம், நிலம் விற்பனை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் அழைக்க வேண்டிய எண் 1033. அழைத்ததும் எந்த இடம் என்று கேட்பார்கள். "ஒரு புளியமரம் இருக்குது சார்" என்று சொல்லிப் பயன் இல்லை, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் எண்ணைச் சொல்லுங்கள். கல்லைப் படிக்கத் தெரிந்தால் கிடைக்கிற முதல் லாபம் இது.

கைபேசி வரைபடத்தோடு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடமும் கையில் இருந்தால் நல்லது. ஊர்ப் பெயர்கள், கண்மாய்கள், வண்டிப் பாதைகள் எல்லாம் அதில் இருக்கும். கைபேசியில் கடைப் பெயர் வருகிற அளவுக்குக் கண்மாய்ப் பெயர் வராது.

முதல் படி: சாலை எண்ணைப் பழகுங்கள்

மன்னார்புரம் தாண்டி மதுரைச் சாலையில் ஏறியதும் பச்சைப் பலகையில் 38 என்று பார்ப்பீர்கள். பெரியவர்களிடம் கேட்டால் இதை 45பி என்பார்கள். இரண்டும் ஒரே சாலைதான். 2010-ல் நாடு முழுக்கத் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். பழைய எண்களை எடுத்துவிட்டு, வரைபடத்தில் இடத்தைக் காட்டும்படி ஒரு முறை கொண்டுவந்தார்கள்.

முறை எளிது. வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்காகப் போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காக ஓடும் சாலைக்கு ஒற்றைப்படை எண், வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். நம் ஊரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். கடலோரமாக சென்னையிலிருந்து புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போவது 32. அதற்கு மேற்கே விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மானாமதுரைக்குப் போவது 36. அதற்கும் மேற்கே நம்முடைய 38, வேலூரில் தொடங்கி விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி. இன்னும் மேற்கே சேலம், கரூர், திண்டுக்கல் வழியாகக் கன்னியாகுமரி போவது 44, அது முன்பு 7. குறுக்கே பார்த்தால் சேலம் – உளுந்தூர்ப்பேட்டை 79, கோவையிலிருந்து கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் 81, கோவையிலிருந்து திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் 83, கொச்சியிலிருந்து மதுரை வழியாகத் தொண்டி 85, மதுரைப் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் 87.

மூன்று இலக்க எண் வந்தால் கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைச் சொல்லும். திருச்சி – புதுக்கோட்டை 336, ஆகவே 36-ன் கிளை. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போவது 544, ஆகவே 44-ன் கிளை. நாம் திரும்பி வரப்போகும் நத்தம் சாலை 785. அது எதன் கிளை என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று, பேருந்தில் ஏறி "முப்பத்தெட்டுல போகுமா?" என்று கேட்டுவிடாதீர்கள். எண்ணெல்லாம் பலகைக்குத்தான். தமிழ்நாட்டில் சாலைக்குப் பெயர் அது போய்ச் சேரும் ஊர். திருச்சியில் மதுரை ரோடு, அதே சாலை மதுரையில் மேலூர் ரோடு.

இரண்டாம் படி: கல்லைப் படியுங்கள்

மைல் போய் ஐம்பது அறுபது வருடம் ஆகிறது, மைல் கல் மட்டும் பேச்சில் அப்படியே இருக்கிறது. கல்லின் தலையில் உள்ள நிறத்தை முதலில் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ என்றால் மாவட்டச் சாலை அல்லது நகரச் சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை, பெரும்பாலும் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. இந்த நான்கும் தெரிந்தால் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டாலும் எந்த வகைச் சாலையில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

கல்லின் இரண்டு முகத்திலும் எழுத்து இருக்கும். போகும்போது ஒரு முகம், திரும்பும்போது மறு முகம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கல் சற்றுப் பெரிதாக, கூடுதல் ஊர்ப் பெயர்களோடு நிற்கும். இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவில் 2, 4, 6, 8 என்று மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் இருக்கும். அவை 200 மீட்டருக்கு ஒன்று. பழைய காலத்துப் பர்லாங்குக் கல்லின் வாரிசு என்று சொல்லலாம். ஒரு பர்லாங்கு 201 மீட்டர் சொச்சம், எனவே மாற்றியபோது நடந்து போகிறவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது.

சிறு பாலங்களின் கைப்பிடிச் சுவரில் 24/3 என்பது போல ஒரு பின்னம் எழுதியிருக்கும். பல நாள் நான் அதை ஏதோ தேதி என்று நினைத்திருந்தேன். 24-ஆம் கிலோமீட்டரில் வரும் 3-ஆவது பாலம் என்று பொருள். கல் உடைந்து போன சாலையில் இந்தப் பின்னம்தான் கைகொடுக்கும்.

எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2017-ல் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தி எழுதியபோது பெரிய சண்டையே நடந்தது. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதும் வேடிக்கையான விஷயம். துவரங்குறிச்சிக்கு நான் மட்டும் மூன்று விதமான எழுத்துக்கூட்டலைப் பார்த்திருக்கிறேன். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றச் சொல்லி அரசாணை வந்தது. வந்த வேகத்தில் திரும்பவும் பெற்றுக்கொண்டார்கள்.

கல்லைப் பார்க்க எங்கே நிற்பது? நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் நிற்கவே கூடாது. ஊர் வரும் இடங்களில் இணைப்புச் சாலை பிரியும், அதில் இறங்கி, வண்டியை நன்றாக ஒதுக்கி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். ஒரு கல்லுக்காக 300 மீட்டர் நடப்பது அதிகம் என்று தோன்றினால் இந்தப் பொழுதுபோக்கு உங்களுக்கு ஆகாது.

மூன்றாம் படி: பழைய சாலையைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு இந்தப் பயணத்தில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். நான்கு வழிச் சாலை பழைய சாலையின் மேலேயே எல்லா இடத்திலும் போடப்படவில்லை. வளைவை நிமிர்த்தியிருக்கிறார்கள், ஊரை ஒதுக்கியிருக்கிறார்கள். நிமிர்த்திய இடங்களில் பழைய சாலைத் துண்டு ஒரு வில் மாதிரி பக்கத்தில் கிடக்கும். இப்போது அதில் நெல்லோ சோளமோ காய்ந்துகொண்டிருக்கும், அல்லது லாரி நிற்கும்.

முதல் அடையாளம் புளியமரம். வயலுக்கு நடுவே ஒழுங்கான இடைவெளியில் வரிசையாகப் பெரிய புளியமரங்கள் நின்றால் அது தோப்பாக இருக்காது, சாலையாக இருந்திருக்கும். மரத்தில் சுண்ணாம்புப் பட்டையும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலைத் துறை தன் மரங்களுக்கு எண் போட்டு, புளி உலுக்கும் உரிமையை ஏலம் விடுவது வழக்கம்.

இரண்டாவது நிழற்குடை. பேருந்தே வராத இடத்தில் ஒரு நிழற்குடை நின்றால் அங்கே பேருந்து வந்த காலம் ஒன்று உண்டு. மேலே எந்த நிதியில், எந்த ஆண்டில் கட்டினார்கள் என்று எழுதியிருக்கும். அதை வைத்து அந்த ஆண்டு வரை பேருந்து இந்த வழியாகத்தான் போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு நிழற்குடையை ஒரு நாள் பார்த்தோம். உள்ளே ஓர் ஆயா வெள்ளரிக்காய் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "இது ரோட்டப் பாத்துத்தான் சாமி கட்டுனாங்க, ரோடுதான் பின்னாடி போயிருச்சு" என்றார்.

மூன்றாவது சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள், தோள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. தலைச்சுமையோடு நடந்தவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து, மறுபடி ஏற்றிக்கொள்வதற்காக. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். சில கற்களில் எழுத்து இருக்கும், துடைத்துப் படியுங்கள். பெயர் கிடைத்தால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கல்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். சில ஊர்களில் அதற்கு இன்னும் பொங்கல் வைக்கிறார்கள்.

நான்காவது உள்ளூர்ப் பெரியவர்கள். என் மாமாவிடம் இருந்தது ஸ்டேஜ் பட்டியல். நடத்துநர்களுக்குக் கட்டணம் கணக்கிட ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு பெயர் உண்டு. சத்திரம், சாவடி, மில் கேட், ஒரு மரத்தின் பெயர், எப்போதோ மூடிய கடையின் பெயர். சாலை இடம் மாறினாலும் ஸ்டேஜ் பெயர் லேசில் மாறாது. துவரங்குறிச்சிக்குள் நாங்கள் மறுபடி போனபோது மாமா ஸ்டேஜ் பெயர்களை வரிசையாக ஒப்பித்துக்கொண்டே வந்தார், நான் எதிரில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அரிசி ஆலை என்று அவர் சொன்ன இடத்தில் கல்யாண மண்டபம். டீக்கடை என்ற இடத்தில் டீக்கடையேதான், கல்லாவில் மகன்.

அந்தப் பையனிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "பைபாஸ் ரைடர் பஸ்ஸெல்லாம் மேலயே போயிருதுண்ணே. ராத்திரில கண்டக்டர் துவரங்குறிச்சி ஏறாதீங்கன்னு கத்திட்டுத்தான் வண்டிய எடுக்குறாரு. ஆனா ரோட்ட தாண்டுற பயம் போச்சு, ஸ்கூல் பிள்ளைங்க தனியா வருதுங்க" என்றார். புறவழிச்சாலை வந்த ஊர்களில் இரண்டு பேச்சையும் கேட்பீர்கள். ஒன்றை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள்.

கொடும்பாளூரில் ஒரு நிறுத்தம்

விராலிமலையில் மயிலும் முருகனும். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கொடும்பாளூருக்குப் பிரிய வேண்டும். சோழர் காலத்துச் சிற்றரசர்களான இருக்குவேளிர் ஊர். அவர்களில் ஒருவரான பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோவிலில் மூன்று கோவில்களில் இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது.

சாலை பார்க்கிறவர்கள் இங்கே நிற்பதற்கு வேறு காரணம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் உறையூரைத் தாண்டி மதுரைக்குப் போகும்போது, எதிரே வந்த மறையவனிடம் கோவலன் வழி கேட்கிறான். கொடும்பை, அதாவது இந்தக் கொடும்பாளூர்க் குளத்தைத் தாண்டினால் பாதை சிவன் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார் அவர். ஒன்று சிறுமலையை வலப்பக்கம் விட்டு மதுரை போவது. ஒன்று திருமால்குன்றம், அதாவது அழகர்மலை வழி. இரண்டுக்கும் நடுவே ஒன்று. வழியில் என்ன மரம் நிற்கும், என்ன நிலம் வரும், எங்கே ஆபத்து என்று எல்லாம் சொல்கிறார். கைகாட்டிப் பலகை இல்லாத காலத்தில் பலகையின் வேலையை ஆள்தான் செய்திருக்கிறார்.

இன்றைய நத்தம் சாலையிலும் மதுரைக்குப் போனால் சிறுமலை வலப்பக்கமாகவே வரும். அதே பாதைதான் என்று கோடு போட்டு நிரூபிக்க நான் வரவில்லை. மலை நகரவில்லை, அதைச் சுற்றித்தானே போக முடியும்.

நான்காம் படி: பிரியும் இடத்தின் பெயரைக் கேளுங்கள்

பெரிய சாலையிலிருந்து சின்னச் சாலை பிரியும் இடத்தை ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. சென்னை, விழுப்புரம் பக்கம் கூட்ரோடு. கொங்கில் பிரிவு. மதுரையிலிருந்து தெற்கே விலக்கு. நெல்லையில் முக்கு என்றும் கேட்கலாம். திருச்சி, தஞ்சைப் பக்கம் கைகாட்டி. இந்தக் கைகாட்டி என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு காலத்தில் அந்த முனையில் கை வடிவத்தில் ஊர்ப் பெயர் எழுதிய பலகை நின்றிருக்கும். பலகை போய்விட்டது, இடத்துக்குப் பெயராகிவிட்டது. திருச்சியிலிருந்து கிளம்பியதும் எந்த இடத்தில் பேச்சு கைகாட்டியிலிருந்து விலக்குக்கு மாறுகிறது என்று கவனியுங்கள். மாவட்ட எல்லைப் பலகையும் பேச்சின் எல்லையும் ஒரே இடத்தில் வராது.

பலகைகளின் வடிவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஓட்டுநர் உரிமம் வாங்கியவர்கள் தாண்டிப் போகலாம். சிவப்பு வட்டம் கட்டளை, மீறினால் தண்டனை. சிவப்பு முக்கோணம் எச்சரிக்கை. நீளச் சதுரம் தகவல். எண்கோணம் நில், தலைகீழ் முக்கோணம் வழி விடு. மஞ்சள் கறுப்பு அம்புகள் தொடர்ந்து வந்தால் வளைவு நீங்கள் நினைப்பதைவிடக் கூர்மையானது.

அதிகாரப் பலகையைவிடக் கையால் எழுதியதுதான் சுவாரஸ்யம். "மாற்றுப் பாதை" என்று தகரத்தில் எழுதி அம்பு போட்டிருப்பார்கள், அம்பு காற்றில் திரும்பியிருக்கும். "விபத்து பகுதி" என்று எழுதும்போது நடுவில் வர வேண்டிய ப் விழுந்திருக்கும். படம் எடுங்கள், தேதி போடுங்கள். ஆறு மாதத்தில் அது இருக்காது.

ஐந்தாம் படி: மேலூரில் கிராமத்துக்குள் இறங்குங்கள்

மேலூர் பெரியாறு பாசனக் கால்வாயின் ஊர். கால்வாயில் தண்ணீர் விட்ட மாதங்களில் போனால் பச்சை கண்ணை நிறைக்கும். இங்கே நெடுஞ்சாலையை விட்டு மேற்கே, அழகர்கோவில் பக்கம் திரும்புங்கள். வழியில் அரிட்டாபட்டிக்குப் போய் வரலாம். ஏழு குன்றுகள், பாண்டியர் குடைவரை, தமிழ் பிராமிக் கல்வெட்டு. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை எதிர்த்து மக்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததும் நினைவிருக்கலாம்.

கிராமச் சாலையில் பார்க்க வேண்டியவை வேறு. சாலை தொடங்கும் இடத்தில் திட்டப் பலகை இருக்கும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-ல் தொடங்கியது. அதில் போட்ட சாலை என்றால் எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு செலவு, ஐந்து வருடப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கும். பலகையைப் படித்துவிட்டுச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கே ஒரு கருத்து வரும்.

சாலை மாறப்போகிறது என்பதற்கு முன்கூட்டியே அடையாளம் தெரியும். ஓரத்தில் புதிதாக நட்ட எல்லைக் கற்கள். வீட்டுச் சுவரில் சிவப்புக் கோடு, பக்கத்தில் ஓர் எண். எண் போட்ட மரத்தில் இன்னொரு புது எண். இவற்றைப் பார்த்தால் நின்று நிறையப் படம் எடுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த மரம் இருக்காது, அந்தத் திண்ணையும் இருக்காது. படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கோடு போட்ட வீட்டின் முன்னால் காரில் வந்து இறங்கிப் படம் எடுத்தால் உங்களை அளக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். என்னிடம் ஒரு அம்மா, "எத்தனை அடி போகுது, உண்மையச் சொல்லுங்க சார்" என்று கேட்டுவிட்டார். நான் சும்மா பார்க்க வந்தவன் என்று நம்ப வைக்கக் கால் மணி நேரம் ஆனது.

கைபேசியை முழுக்க நம்பாதீர்கள். குறுக்கு வழி என்று அது காட்டியதை நம்பி ஒரு தடவை கண்மாய்க் கரையில் ஏறிவிட்டேன். கரை போகப் போகக் குறுகி, கடைசியில் மடையில் முடிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சிரிக்கக்கூட இல்லை. "ரிவர்ஸ்லதாண்ணே போகணும். போன வாரமும் ஒரு வண்டி வந்துச்சு" என்றார். அரைக் கிலோமீட்டர் பின்னாலேயே ஓட்டினேன், அவர் முன்னால் நின்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். ஆகவே கிராமத்துக்குள் போனால் ஒவ்வொரு முனையிலும் கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். "இந்த வழி அழகர்கோவில் போகுமா?" என்று கேட்காதீர்கள், போகும் என்றுதான் சொல்வார்கள். "அழகர்கோவிலுக்கு எப்படிண்ணே போகணும், கார் போகுமா?" என்று கேளுங்கள்.

ஆறாம் படி: நத்தம் வழியாகத் திரும்புங்கள்

மதுரையில் தல்லாகுளம் பக்கத்திலிருந்து நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டருக்கு ஒரு மேம்பாலம், 2023-ல் திறந்தது. எல்லோரும் அதில் ஏறுவார்கள். நீங்கள் கீழேயே போங்கள். மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே பழைய நத்தம் ரோடு அப்படியே இருக்கிறது, கடைப் பலகைகளில் முகவரியும் நத்தம் ரோடு என்றுதான். மேலே போகிற சாலைக்கும் கீழே போகிற சாலைக்கும் ஒரே பெயர்.

ஊமச்சிகுளம் பக்கம் மேம்பாலம் இறங்கியதும் இடப்பக்கம் சிறுமலைத் தொடர், வலப்பக்கம் அழகர்மலை. நத்தம் வரை மாந்தோப்புகள். இது முன்பு மாநிலச் சாலை, பிறகு தேசிய நெடுஞ்சாலை 785 ஆனது. அகலப்படுத்தும்போது பழைய கற்கள் பலவற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ஓர் ஊருக்குள் விட்டுப்போன பழைய சாலைத் துண்டில் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. துணியால் துடைத்தபோது தலையில் மஞ்சள் உரிந்து அடியில் பச்சை தெரிந்தது, பச்சைக்கும் அடியில் கறுப்பு. ஒரே கல் மூன்று பதவி பார்த்திருக்கிறது. எண் முழுக்க அழிந்துவிட்டது. 'நத்தம்' என்பதில் 'நத்' மட்டும் மிச்சம். மாமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் மூணு டிப்போ மாத்துனாங்க" என்றார்.

நத்தத்தில் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் துவரங்குறிச்சிக்கு வந்து 38-ஐப் பிடிக்கலாம்.

கடைசியாக: வீட்டுக்கு வந்ததும்

அன்று இரவே நோட்டைச் சுத்தமாக எழுதிவிடுங்கள். மறுநாள் உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது. நான் ஒவ்வொரு குறிப்புக்கும் ஐந்து விஷயம் எழுதுகிறேன்: சாலை எண், கிலோமீட்டர், எந்தப் பக்கம், கல்லில் அல்லது பலகையில் இருந்த எழுத்து பிழையோடு அப்படியே, தேதி. பிழையைத் திருத்தி எழுதிவிட்டால் பிறகு எது பலகை, எது நீங்கள் என்று தெரியாமல் போகும். பழைய கிலோமீட்டர் எண்ணும் புதிய எண்ணும் ஒத்துவராத இடங்கள் வரும். ஊரை ஒதுக்கி, வளைவை நிமிர்த்தியதில் நீளம் மாறியிருக்கும். குழம்பாமல் இரண்டையும் எழுதுங்கள்.

ஒரு வருடம் கழித்து அதே சுற்றில் மறுபடி போங்கள், அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு திருச்சியை விட்டு வெளியேறும் முதல் சில கிலோமீட்டரிலேயே என் பழைய குறிப்புகள் பாதி செல்லாமல் போய்விட்டன. அந்தப் பக்கம் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மாமா அடுத்த தடவை மணப்பாறை வழியாகப் போகலாம் என்கிறார், அந்தத் தடத்து ஸ்டேஜ் பட்டியல் இன்னும் முழுசாக நினைவிருக்கிறதாம். முறுக்கும் வாங்கலாம்.